அமாவாசை மத்தியானம் எரியும் பச்சைப் புள்ளி

சூடேறிய அடாப்டரின் வாசம் உங்களில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? லேசாகக் கருகின மாதிரி... எனக்கு அதுதான் என் சிநேகிதன் செந்திலின் வாசம்.

அன்னூரில் அவன் வீட்டு ஹால். டிவியில் செருகும் கேம் பெட்டி, தடித்தடியான கேசட்டுகள். ரெண்டாவது கண்ட்ரோலரின் ஒயர் குட்டை. அதனால் தோளோடு தோள் ஒட்டித்தான் உட்கார வேண்டும். தோற்றால் அவன் முழங்கை என் விலாவில் இறங்கும். "டேய், ஏமாத்திப்போட்டே!" என்பான். ஏமாற்றினதே அவன்தான்!

அப்புறம் சிடி வந்தது, மெமரி கார்டு வந்தது. விட்ட இடத்திலிருந்தே மறுபடி ஆடலாம் என்றார்கள். பிறகு இன்டர்நெட். அவன் அன்னூரில், நான் பீளமேட்டில், ஒரே ஆட்டம். கன்சோல் கம்பெனிக்காரர்கள் புண்ணியவான்கள்தான்... ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து இடித்தவனைத் திரையோரம் ஒரு பச்சைப் புள்ளியாக்கி விட்டார்கள். புள்ளி எரிந்தால் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம்.

அவினாசி ரோட்டில் பைக்கில் போனவன் ஒருநாள் திரும்பவில்லை. புள்ளியும் அணைந்தது. நண்பர்கள் பட்டியலிலிருந்து அவன் பேரை எடுக்க மட்டும் எனக்கு மனசே வரவில்லை.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம். சாப்பிட்டுவிட்டு கன்சோலைப் போடுகிறேன்...

செந்தில். ஆன்லைன்.

என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, மொதல்ல அந்தப் பேரை எடுத்துப்போடுங்க. பாக்கவே பயமா இருக்குதுங்க" என்றாள்.

அவன் வீட்டில் யார் அவன் கன்சோலைத் தொடுகிறார்கள்? பைக்கை எடுத்துக்கொண்டு நேராக அன்னூர் போனேன். அன்று அமாவாசை. அவன் போட்டோவுக்கு முன்னால் இலை, வடை, பாயசம்... பக்கத்தில் கன்சோல் ஓடிக்கொண்டிருந்தது.

"அவனுக்குச் சோத்தைவிட இதுதானே கண்ணு உசுரு?" என்றார் அவன் அம்மா. "எலை போடறப்ப இதையும் போட்டு உட்டர்றேன். வந்து பாத்துட்டுப் போவான்ல..."

போட்டதும் அது தானாக லாகின் ஆகிவிடுகிறது, அவ்வளவுதான். அவன் வந்திருப்பதாக எங்களுக்கெல்லாம் காட்டுகிறது என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. வழியில் வண்டியை ஓரங்கட்டி அழுதுவிட்டுத்தான் வீடு வந்தேன்.

அதற்கப்புறம் அமாவாசைக்கு அமாவாசை புள்ளி வரும். பயம் போய், நான் எதிர்பார்க்கவே ஆரம்பித்துவிட்டேன்.

போன அமாவாசைக்கும் வந்தது. சும்மா ஒரு வார்த்தை கேட்கலாமே என்று போன் போட்டேன். "படையல் ஆச்சுங்களா அம்மா?"

"எங்க கண்ணு... கால் வலின்னு திருப்பூர்ல பொண்ணு ஊட்டுக்கு வந்துட்டேன். அங்க ஊடு பூட்டிக் கெடக்குது. மெயின் சுச்சைக்கூட அமத்திப்போட்டுத்தான் வந்தேன். பாவம், இந்தத் தடவ பசியோட இருப்பான்."

போனை வைத்தேன். பச்சை அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

சர்வரில் ஏதோ கோளாறாக இருக்கும் என்றான் ஆபீஸ் நண்பன் ஒருவன். இருக்கலாம்.

அந்தக் காலத்தில் கரண்டு போனால் ஆட்டம் முடிந்தது. "வாரேன்டா" என்று எழுந்து அவரவர் வீட்டுக்குப் போய்விடுவோம். இப்போது அங்கே கரண்டும் இல்லை, ஆளும் இல்லை... அவன் மட்டும் போகவில்லை.

வீட்டுக்காரி திட்டின திட்டில் கர்சரை அவன் பேர்மேல் கொண்டுபோய் அழுத்தியும் விட்டேன். 'நீக்கவா?' என்று கேட்டது.

'வேண்டாம்' கொடுத்துவிட்டேன். பசியோடு வந்து நிற்கிறவனை எப்படிங்க போகச் சொல்றது?