அவசரப்பனின் கண்கள்

“இன்னும் தொடாத கமலா. அந்தக் காம்புக்கிட்ட ஒரு ஊதா இருக்கு. அது இன்னும் வரல.”

கமலா அரிவாள்மணையை மடித்து வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொள்கிறாள். ஞாயிற்றுக்கிழமை. உலையில் அரிசி கொதிக்கிறது. குழம்புக்கு வாங்கிய கத்திரிக்காய்கள் மட்டும் குவார்ட்டர்ஸின் பின்பக்க ஜன்னலடியில், கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டிமேல், பெண் பார்க்க வந்தவர்கள் போல மரியாதையாக உட்கார்ந்திருக்கின்றன. எதிரே முக்காலியில் சங்கரலிங்கம், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பிரஷின் அடிக்கட்டையைக் கடித்துக்கொண்டு. அந்த வீட்டில் ஞாயிறன்று என்ன குழம்பு, எப்போது சாப்பாடு என்பதெல்லாம் படம் பார்த்துச் சொல்ல வேண்டியது. முருங்கைக்காய் வரைந்த வாரம் சாம்பார் சாயங்காலம் இறங்கியது. பண்ருட்டிப் பலாப்பழத்தை வெட்டிவைத்து வரைந்த வாரம் பிளாக்கிலிருந்த ஈயெல்லாம் அவர்கள் வீட்டு விருந்தாளி. மீனுக்கு மட்டும் கமலா சம்மதித்ததில்லை. “அதையும் உக்கார வச்சுப் படம் போடப் போறீகளாக்கும்! நாறுனா நானும் பிள்ளைகளும் எங்க போறது?”

சங்கரலிங்கத்துக்குச் சாத்தூர்ப் பக்கம். சிவகாசியில் ஓர் அச்சுக்கூடத்தில் தீப்பெட்டி லேபிளுக்குக் கிளியும் மயிலும் போட்டுக்கொண்டிருந்தவர், சுரங்கம் தோண்டுகிற ஊரில் படம் போட ஆள் தேவை என்று கேள்விப்பட்டு மனுப்போட்டு வந்தார். வேலை பாதுகாப்புப் பிரிவில். தலையில் ஹெல்மெட் வை, மண் சுமந்து ஓடுகிற பெல்ட்டைத் தாண்டாதே, ஆள் பிடிக்காமல் ஏணியில் ஏறாதே என்று மைன்ஸுக்குள் இறங்குகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் தகரத்தில் படமாக எழுதித் தர வேண்டும். என்ன உத்தியோகம் என்று யாராவது கேட்டால், “ஆளுகளைத் தள்ளிவிடுறதுதான்” என்பார். கேட்டவர் முழிப்பார். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

அந்தத் தகரங்களில் விழுகிறவன், நசுங்குகிறவன், கரண்டில் தொங்குகிறவன் எல்லாம் ஒரே ஆள். பெயர் அவசரப்பன். முதலில் அப்படி ஓர் ஆள் கிடையாது. கண்ணில் பட்ட முகத்தைப் போடுவதுதான் சங்கரலிங்கத்தின் வழக்கம். அடுத்த குவார்ட்டர்ஸ் இசக்கிமுத்துவுக்கு நல்ல எடுப்பான முகமாயிற்றே என்று, பெல்ட்டில் கை மாட்டிக்கொண்டவனுக்கு அதைக் கொடுத்துவிட்டார். போர்டு ஏறிய அன்றே இசக்கிமுத்துவின் மனைவி புஷ்பவல்லி வாசலில் வந்து நின்றாள். “எங்க வீட்டு ஆம்பளைய இப்படித் தொங்கவிட்டிருக்கீகளே, உங்களுக்கு நாங்க என்ன பண்ணினோம்?” என்று அவள் அழுத அழுகையில், சங்கரலிங்கம் பெயிண்ட் டப்பாவும் சைக்கிளுமாகப் போய் அந்த முகத்தை மூடிவிட்டு வந்தார். அடுத்த போர்டுக்குக் கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தையே போட்டார். அது தெரிந்த அன்று கமலா அடுப்பு மூட்டவில்லை. அதன் பிறகுதான், யார் வீட்டிலும் இல்லாத ஒரு முகமாக, சப்பை மூக்கும் அரும்பு மீசையும் தெறித்து விழுகிற கண்களுமாக அவசரப்பன் பிறந்தான்.

உயிர் அந்தக் கண்ணில்தான் இருந்தது. பாதுகாப்பு அதிகாரி கோபாலகிருஷ்ணன் முதலிலேயே சொல்லிவிட்டார்: “படம் அழகா இருக்கணும்னு இல்லே சங்கரலிங்கம். பாக்கறவன் வயித்தைக் கலக்கணும். கண்ணைப் பெரிசாப் போடுங்கோ.” வெள்ளை வெளேரென்று இரண்டு வட்டம், நடுவில் மிளகு வைத்தாற்போல் கருமணி, நெற்றியில் ஏறி நிற்கிற புருவம். வருஷக்கணக்கில் போட்டுப் போட்டு, இப்போது வெற்றிலை போட்டுக்கொண்டே, அரட்டை அடித்துக்கொண்டே அந்தக் கண்ணை இறக்கிவிடுவார்.

அது வேலையும் செய்தது. போர்டுகளைத் தூக்கிப்போய் ஆணியடித்து மாட்டுகிற கொளஞ்சியப்பன் உள்ளூர் மனிதர், முத்தாண்டிக்குப்பம். அவர்தான் வந்து சேதி சொல்வார். “ஒருத்தன் ஹெல்மெட்ட கக்கத்துல வச்சிகினு போறாங்க. நம்ம ஆளு முழிக்கிறத ஏறிட்டுப் பாத்தான். அப்பிடியே நின்னு, தலையில மாட்டிகினு போறான்.” இதைக் கேட்கும்போது சங்கரலிங்கத்தின் முகம் மலர்வதைக் கமலா பார்த்திருக்கிறாள். கத்திரிக்காயின் ஊதா சரியாக வந்துவிட்டாலும் அதே மலர்ச்சிதான். வீட்டுப் படத்துக்குப் போர்டுப் படம் மட்டம் என்று அவர் நினைத்ததாக அவளுக்குத் தெரியவில்லை.

ஆனால் இரண்டையும் கலக்க விடமாட்டார். கம்பெனிப் பெயிண்ட் ஒரு சொட்டு வீட்டுக்கு வராது. வீட்டு வர்ணம் வேறு, பிரஷ் வேறு, துடைக்கிற துணி வேறு. ஞாயிற்றுக்கிழமை யாராவது அவசரப்பன் பேச்சை எடுத்தால், “இன்னைக்கு அவனுக்கு லீவு” என்பார். வீட்டில் காய், பழம், கிண்ணம், கொடியில் காயும் துணி, இவைதான் படம். மனிதர்களை வரைவதில்லை.

ஒரு ஞாயிறு கத்திரிக்காய்க்காகக் காத்துக்கொண்டிருந்தபோது, கமலா விளையாட்டாகச் சொன்னாள்: “இதுகளுக்கு வந்த யோகத்தப் பாருங்க. நானும் இத்தனை வருசமா இதே வீட்டுலதான் இருக்கேன்.”

சங்கரலிங்கம் சிரிக்கவில்லை. திரும்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவளைப் பார்த்தார். காய்கறிகளைப் பார்க்கிற அந்தப் பார்வை. கமலாவுக்கு ஏனோ முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

“அடுத்த வாரம் உக்காரு” என்றார்.

அடுத்த வாரம் அவள் சீக்கிரமாகவே சமையலை முடித்தாள். தலைக்குக் குளித்து, பிள்ளைகளைப் புஷ்பவல்லி வீட்டுக்கு விளையாட அனுப்பிவிட்டு, கத்திரிக்காய் உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நெற்றி வந்தது, மூக்குத்தி வந்தது, காதோரச் சுருள் முடிகூட வந்தது. கண்ணைக் கடைசியில் போட்டார். போட்டுவிட்டுப் பிரஷை அலசப் போய்விட்டார்.

முதலில் பார்த்தவள் அம்சவல்லி. கூடையில் முந்திரிப்பழம் எடுத்துக்கொண்டு பிளாக் பிளாக்காக வருகிறவள், பின்வாசலில் கூடையை இறக்கியபடியே எட்டிப் பார்த்தாள்.

“இன்னாக்கா இது! மூக்கு, தோடு எல்லாம் நீதான். ஆனா வூட்டுக்குள்ள பாம்பு பூந்துட்ட மாரி முழிச்சிகினு இருக்கியே!”

கமலா வந்து பார்த்தாள். அவளுடைய முகத்துக்குள் அவசரப்பன் உட்கார்ந்து அவளையே பார்த்தான்.

அதை அழித்துவிட்டு மறுபடி போட்டார். அடுத்த வாரமும் போட்டார். ஒவ்வொரு முறையும் முகமெல்லாம் அவள், கண் மட்டும் அவன். கடைசியில் கமலா கேட்டே விட்டாள்.

“நான் உங்களைப் பாக்கிறப்ப இப்படியா முழிக்கிறேன்?”

“சேச்சே. இல்ல.”

“பின்ன ஏன் அப்படியே வருது?”

“நீ அப்படி இல்ல கமலா. கை அங்கதான் போகுது. நான் நிறுத்துறதுக்குள்ள போயிருது.”

அவர் பொய் சொல்கிறவர் இல்லை. ஆனாலும் கமலாவுக்கு மனசு ஆறவில்லை. இந்த ஊருக்கு வந்த புதிதில் ஷிப்ட் சங்கு ஊதினாலே அவளுக்குத் தூக்கிவாரிப்போடும். அவர் ஆபீசுக்குப் போனதும் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உள்ளேயே கிடப்பாள். அந்தப் பயந்த பெண்ணைத்தான் இந்த மனிதர் இன்னும் கண்ணுக்குள் வைத்திருக்கிறாரோ? இப்போது இருக்கிற கமலாவைப் பார்க்கவே இல்லையோ? பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின் கண்ணாடி முன் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள், விரித்துப் பார்த்தாள். தன் கண் எப்படி இருக்கும் என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

சங்கரலிங்கம் கையைத் திருத்தப் பார்த்தார். ஆபீசில் சாப்பாட்டு வேளையில் கழிவுக் காகிதத்தில் எல்லாம் அமைதியான கண்களாகப் போட்டுப் பழகினார். பலன் வேறு இடத்தில் வந்தது. ஏணியிலிருந்து தலைகீழாக விழுகிற அவசரப்பன், இமை தாழ்ந்து, ஒரு மந்தகாசத்தோடு விழுந்தான்.

கோபாலகிருஷ்ணன் போர்டைக் கிட்டே வந்து பார்த்தாராம். “என்னய்யா இது? இவன் ஏணியிலேர்ந்து விழறானா, மாமனார் ஆத்து ஊஞ்சல்லே ஆடறானா?” என்றிருக்கிறார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. “பெர்மனென்ட் ஆகற சமயத்திலே உமக்கு ஏன் இந்த வேலை? அது கிடக்கட்டும். இதைப் பாத்து எவனும் பயப்படப் போறதில்லே. நாளைக்கு நெஜமாவே ஒருத்தன் விழுந்தா?”

வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் கமலாவின் படத்தை எடுத்துச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

“வேண்டாம் கமலா. இதைச் சரி பண்ணப் போனா அது கெட்டுப்போகுது. அங்க ஒரு ஆளு கீழ விழுந்துட்டா, நான் எங்க போயி முட்டிக்கிறது?”

“வேண்டாம்னா விடுங்க. என் மூஞ்சிக்கு என்ன, அது பாட்டுக்கு இங்கதான இருக்கு” என்றாள் கமலா. குரலைச் சாதாரணமாகத்தான் வைத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிறு அவளே ஒரு புடலங்காயைக் கொண்டுவந்து மரப்பெட்டிமேல் வைத்தாள். அது வெகுநேரம் தனியாகக் கிடந்தது. சங்கரலிங்கம் பேப்பரைப் படித்தார். படித்த பக்கத்தையே திரும்பவும் படித்தார். கடைசியில் அவள் புடலங்காயை எடுத்து நறுக்கிவிட்டாள். வெயில் ஏறுவதற்குள் சாப்பாடு தயார். இவ்வளவு சீக்கிரம் சோறு கிடைத்தது பிள்ளைகளுக்கே பிடிக்கவில்லை.

மத்தியானம் கொளஞ்சியப்பன் வந்தார். காலை ஷிப்ட் முடித்து ஊருக்குப் போகிற வழியில் ஒரு வாய் மோருக்காக நுழைவது அவர் வழக்கம். சுவரைப் பார்த்திருந்த படத்தை, யாரையும் கேட்காமல் திருப்பினார். வாயைப் பொத்திக்கொண்டார்.

“இன்னா சார், நம்ம ஆளுக்குப் பொடவ கட்டி வுட்டுட்டீங்க!”

உள்ளே மோர் கலக்கிக்கொண்டிருந்த கமலா தன்னை மறந்து சிரித்துவிட்டாள். இத்தனை வாரத்தில் அந்தப் படத்துக்காக அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. சங்கரலிங்கம் மட்டும் சிரிக்காமல் நடந்ததையெல்லாம் சொன்னார். கொளஞ்சியப்பன் மோரைக் குடித்து, மேல்துண்டால் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

“இது வேற ஒண்ணுமில்லீங்க. ரிலீவர் வரல, அதான். மெஷினு மேல ஏறுனவன், மாத்து ஆளு வர்ற வரைக்கும் எறங்க முடியுமா? வரலன்னா அவனேதான் அடுத்த ஷிப்டும் ஓட்டணும். நீங்க சைக்கிள் ஏறி வூட்டுக்கு வந்துட்டீங்க. அந்தக் கை இன்னும் ட்யூட்டியிலயே நின்னுகினு இருக்குது, பாவம்.”

அவர் சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சங்கரலிங்கம் முக்காலியில் உட்கார்ந்தபடி தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீசில் அந்த வாரம் அவசரப்பன் பழையபடி அலறிக்கொண்டு விழுந்தான். அதிகாரி முதுகில் தட்டினார்.

அடுத்த ஞாயிறு, கமலா கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கூப்பிட்டார். பலகையில் புதுக் காகிதம் குத்தியிருந்தது. கரித்துண்டு அவருடைய இடது கையில் இருந்தது.

“என்னங்க இது, நொட்டாங்கையாலயா?” என்றாள் கமலா. “ஒருத்தருக்கு வெத்தலை பாக்குக்கூட இந்தக் கையால குடுக்க மாட்டோம். என் மூஞ்சியப் போடப் போறீகளா?”

“இதுதான் ரிலீவர்.”

“நல்லா இருக்கு கூத்து. புஷ்பவல்லிக்குத் தெரிஞ்சா பிளாக்கே சிரிக்கும்.”

“இந்தக் கைக்கு அவசரப்பனைத் தெரியாது கமலா” என்றார் சங்கரலிங்கம். “இது இதுவரைக்கும் யாரையுமே வரைஞ்சதில்ல.”

கமலா கையில் ஒட்டியிருந்த கீரையை உதறிவிட்டு உட்கார்ந்தாள். இந்த முறை தலை வாரவில்லை, சேலையும் மாற்றவில்லை.

கோடுகள் கோழி நடந்தாற்போல் வந்தன. மோவாய் ஒரு பக்கம் இழுத்தது. மூக்குத்தி, மூக்கை விட்டு நகர்ந்து கன்னத்தில் விழுந்தது. சங்கரலிங்கத்துக்கு வேர்த்துக் கொட்டியது. தீப்பெட்டிக் கிளிகளில் தொடங்கி எத்தனையோ ஆயிரம் கோடு பார்த்த வலது கைக்கு இந்த அலங்கோலம் பொறுக்கவில்லை. தானாக எழுந்து காகிதத்துக்கு வந்தது. அவர் அதை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அது வெளியே வந்து, மூக்குத்தியைச் சரியான இடத்தில் வைக்கப் போய்விட்டது.

அவர் பெருமூச்சு விட்டார். முக்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் முழங்கால் கமலாவின் முழங்காலைத் தொட்டது. வலது கையை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

“இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ. ஊடே ஊடே வருது.”

இடது கை அப்போதுதான் படத்தில் கண் போடுகிற இடத்துக்கு வந்திருந்தது. பின்வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது. தெருவில் யாரோ பேசிக்கொண்டு போனார்கள். கமலா அந்தப் பக்கம் ஒருதரம் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்து அந்தக் கையின்மேல் போட்டு மூடி, உள்ளே, தன் இரண்டு கைகளாலும் அதை இறுகப் பிடித்துக்கொண்டாள்.