சரிக்குச்சரி

என் மாமனாருக்கு எங்கள் தெருவில் வைத்த பெயர் ‘சரிக்குச்சரி’. யார் வைத்தார்களோ, அந்த வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு கிண்ணம் கஞ்சி கொடுத்துவிட்டால், அது ஆறுவதற்குள் அந்த வீட்டு முக்காலியின் ஆடுகிற கால் சரியாகியிருக்கும். கிண்ணமும் வெறுமனே போகாது. நாலு எலுமிச்சம்பழமாவது அதில் உட்கார்ந்திருக்கும். பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால், அடுத்த நிறுத்தத்திலேயே அந்த இடத்தை இன்னொருவருக்குத் தந்துவிட்டு முட்டி வலியோடு நிற்பார். அவர் பெற்ற ஒரே மகன், அதாவது என் கணவர், ஆசையாக ஒரு சட்டை வாங்கித் தந்தார். அன்று மாலையே மகனின் பைக் சீட்டுக்குப் புது உறை தைத்து மாட்டிவிட்டார் மனிதர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொடுத்தவர்களின் சந்தோஷத்தை இப்படியா பிடுங்கிக்கொள்வது?

தையல் அவருக்குக் கைவந்த வேலை. பஸ் பணிமனையில் கிழிந்த இருக்கைகளைத் தைத்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். வளைந்த ஊசியும் மெழுகு தடவிய நூலுமாக, ரெக்சினை இழுத்துப் பிடித்து அவர் போடும் தையலைப் பிரிக்க வேண்டுமானால் பிளேடு எடுக்க வேண்டும். எங்கள் தேவாலயத்தில் முழங்காலிடும் திண்டுகளும் அவர் தைத்தவைதான். ஆனால் அவற்றில் அவர் முழங்காலிட்டு நான் பார்த்ததே இல்லை. கடைசி பெஞ்சில் உட்காருவார். இயேசுவின் நினைவாக எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் திருவிருந்துக்கு அப்பத்தையும் திராட்சரசப் பாத்திரத்தையும் எடுத்து வைத்ததும் நைசாக எழுந்து வெளியே போவார். வாசலில் நிற்கும் சைக்கிள்களை வரிசையாக அடுக்குவார். நேராக இருக்கிற சைக்கிளைக் கோணலாக்கி மறுபடி நேராக்கியதை நானே ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

காரணத்தை என் கணவர்தான் சொன்னார். மாமாவுக்கும் அவருடைய அண்ணனுக்கும் ஏதோ வாய்ச்சண்டை, பேச்சு நின்றுபோயிருந்தது. அண்ணன் படுக்கையில் விழுந்தபோது, “ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிட்டுப் போ” என்று ஆள் அனுப்பினாராம். இவர் வீம்புக்குப் போகவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்தார்; அண்ணன் அதுவரை காத்திருக்கவில்லை. சகோதரனோடு ஒப்புரவாகிவிட்டுத்தான் பலிபீடத்துக்கு வரவேண்டும் என்று சின்ன வயதில் கேட்ட பாடம் இவருக்குள் ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டது. ஒப்புரவாவதற்கு அண்ணன் இல்லை. ஆகவே அப்பமும் இல்லை என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்.

போதகர் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார்: “இரட்சிப்பு நாம உழைச்சு வாங்குற கூலி இல்லீங்க. அது கிருபை. தகுதி பாக்காம சும்மா குடுக்கிறது.” எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான். இத்தனை அக்கறையாகச் சொல்கிறாரே என்று போதகரின் நாற்காலிக்குப் புது மெத்தை தைத்துக் கொடுத்தார் மாமா.

முட்டிவலிக்குக் கண்ட மாத்திரையைப் போட்டுப் போட்டு அவர் வயிற்றில் புண் வந்திருந்தது. அது எங்களுக்குத் தெரியாது. ஒரு காலையில் பல் தேய்க்கப் போனவர் ரத்தமாகக் கக்கினார். என் கணவர் வேலையாக வெளியூர் போயிருந்தார். பக்கத்து வீட்டு அக்காவும் நானும்தான் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உடனே ரத்தம் ஏற்றாவிட்டால் தாங்காது என்றார் டாக்டர். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நர்ஸ் ரத்தப் பையைக் கொண்டுவந்து தொங்கவிட்டாள். வெளுத்த உதட்டை அசைத்து மாமா கேட்டார்:

“இது யாரோடதும்மா?”

“தெரியாதுங்க ஐயா. எங்களுக்கே சொல்ல மாட்டாங்க.”

“பேரு வேணாம். என்ன வேலை பாக்கிறாருன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. அவரு வீட்டுல கிழிஞ்ச நாற்காலி ஒண்ணாவது இருக்கும்.”

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

“சரி, தேறினதும் நானே வந்து குடுத்திடறேன்.”

“உங்க வயசுக்கு எடுக்க மாட்டோம் ஐயா.”

“என் மகன் குடுப்பான்.”

“குடுக்கட்டும், ரொம்ப நல்லது. ஆனா அது வேற யாருக்கோ போகும். உங்களுக்குக் குடுத்தவருக்குப் போகாது.”

மாமா கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். நர்ஸ் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“மாமா, கையை நீட்டுங்க,” என்றேன்.

“என்னால திருப்பித் தர முடியாதும்மா. அண்ணன் கூப்பிட்டும் போகாதவன் நான். எனக்குப் போயி எவனோ ஒருத்தன்...”

அண்ணன் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். பாவமாக இருந்தது. கோபம் அதைவிட அதிகமாக வந்தது.

“திருப்பித் தாங்கன்னு யாரு கேட்டா? அவரு படுத்தாரு, கையை நீட்டினாரு, குடுத்திட்டு எழுந்து போயிட்டாரு. நீங்க ஒண்ணும் தைக்க வேணாம், ஒட்ட வேணாம். சும்மா படுத்துக் கையை நீட்டுங்க. அதுகூட வராதா உங்களுக்கு?”

மாமனாரிடம் பேசுகிற பேச்சு இல்லைதான். உயிர் ஊசலாடும்போது மரியாதையை எங்கே போய்த் தேடுவது?

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துப் போர்வை அசைந்தது. ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன அந்தக் கை மெல்ல வெளியே வந்தது.

ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்க இறங்க, அவர் சத்தமில்லாமல் அழுதுகொண்டே படுத்திருந்தார். நான் துடைத்துவிடவில்லை, அழட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு வாய் வழியாகக் குழாய் விட்டு ரத்தக் கசிவை அடைத்தார்கள். உதட்டில் நிறம் திரும்பியது. “பயப்படாத, பிழைச்சுக்கிட்டாரு,” என்று அக்கா என் தோளைப் பிடித்தபோதுதான் எனக்குப் போன உயிர் வந்தது.

அவர் தேறி நடமாடத் தொடங்கியபின் வந்தது அடுத்த திருவிருந்து. அப்பத்தை எடுத்து வைத்ததும் மாமா எழுந்தார். போச்சு, சைக்கிளுக்குத்தான் என்று நினைத்தேன். அவர் வாசல் பக்கம் திரும்பவில்லை. நடுவழியாக மெல்ல நடந்து முன்னால் போனார். தான் தைத்த திண்டிலேயே முழங்காலிட்டு, ஆஸ்பத்திரியில் நீட்டிய அதே கையை நீட்டினார். போதகரின் குரல் கொஞ்சம் தடுமாறியது. என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். மாமா அப்பத்தை வாங்கித் தின்றார்; பாத்திரத்தையும் வாங்கிக் குடித்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது அவராகவே பேச்சை எடுத்தார்.

“ரத்தம் குடுத்தவருக்கு என்னைத் தெரியாது. தெரிஞ்சிருந்தா குடுத்திருப்பாரோ மாட்டாரோ. ஆண்டவருக்கு எல்லாம் தெரியும்மா. அண்ணன் விஷயமும் தெரியும். தெரிஞ்சேதான் குடுத்திருக்காரு.”

“அதைத்தானே போதகர் தொண்டை வத்தச் சொன்னாரு?”

“சொன்னாருதான். நான் அப்ப மெத்தைக்கு அளவெடுத்துக்கிட்டிருந்தேன்.”

சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். சுமை இறங்கியவருடைய சிரிப்பு. எனக்கும் மனசு லேசாகிவிட்டது.

மறுநாள் அக்கா கஞ்சி கொடுத்துவிட்டார். மாமா அவசரமே படாமல் வழித்துக் குடித்தார். நான் கிண்ணத்தைக் கழுவிவிட்டு, பழக்க தோஷத்தில் எலுமிச்சம்பழத்தைத் தேடினேன்.

“எதுக்கும்மா? அப்படியே குடுத்துட்டு வா. ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொல்லு.”

காலிக் கிண்ணத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். அக்கா உள்ளே பார்த்தார். கவிழ்த்தும் பார்த்தார். அவர் முகம் வாடிவிட்டது.

“என்னம்மா, உங்க மாமாவுக்கு மறுபடியும் உடம்புக்கு முடியலையா?”

“இல்லக்கா,” என்றேன். “இப்பதான் குணமாயிருக்காரு.”