எட்டாம் படுக்கை வெள்ளரிக்காய்

வார்டு அக்காவுக்கு நான் கடன்பட்டிருந்தேன். ஒரு கோடை முழுக்க அவர் தோட்டத்தில் பறித்துத் தின்ற காய்களின் விலை அது. வேறு யாருக்கும் நான் பைசா பாக்கி வைத்தவன் இல்லை. அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன், சாலையோரத்தில் ஒரு காற்றடிக்கும் பம்பை வைத்துப் பஞ்சர் ஒட்ட ஆரம்பித்து, இன்றைக்கு மூன்று டயர் கடைக்கு முதலாளி. எழுத வந்தது அக்காவைப் பற்றித்தான். நடுவில் என்னைப் பற்றியும் கொஞ்சம் வரும். வந்தால் என்ன, பொய்யா சொல்கிறேன்.

அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பகுதியில் வேலை பார்த்தவர். பொழுதெல்லாம் கொதிநீரும் சோப்புத்தூளும்தான். புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டார். ஒரே மகன். வீடு இரண்டே அறை, பின்னால் மட்டும் வீட்டைவிடப் பெரிய மண் தரை. அதில் அவர் போட்டிருந்த தோட்டத்தை முதலில் பார்ப்பவர்கள் சிரித்துவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் கழித்த படுக்கை விரிப்புகளைக் கேட்டு வாங்கி வந்து கீரைப் பாத்திக்கு மேலே நிழலுக்குக் கட்டியிருப்பார். முத்திரை கூட அழியாமல் இருக்கும். காலி குளுக்கோஸ் பாட்டில்களைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, குச்சிகளில் தலைகீழாகத் தொங்கவிட்டு, குழாயை ஒவ்வொரு செடியின் வேரிலும் விட்டிருப்பார். கோடையில் தெருக்குழாயில் தண்ணீர் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. எல்லார் வீட்டுச் செடியும் கருகிக் கிடக்கும். அக்காவின் தோட்டம் மட்டும் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டு பச்சையாக நிற்கும்.

பாத்திகளுக்கெல்லாம் படுக்கை எண். "மூணாம் படுக்கைக்கு முகமே சரியில்ல" என்றால் அவரையில் பூச்சி விழுந்திருக்கிறது. "அஞ்சாம் படுக்கை டிஸ்சார்ஜ்" என்றால் தக்காளி பழுத்துவிட்டது. எட்டாம் படுக்கை வெள்ளரி. வார்டு அக்கா என்ற பேர் வந்தது இப்படித்தான்.

அக்காவின் தெரு முனையில் நான் பம்பை வைத்த முதல் கோடையிலேயே எனக்கு மஞ்சள் காமாலை. தண்ணீர் குடித்தாலும் குமட்டல். பழைய டயர்களுக்கு நடுவே சாக்கை விரித்துச் சுருண்டு கிடந்தேன். சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்த அக்கா எட்டிப் பார்த்தார்.

"கண்ணு ரெண்டும் எலுமிச்சம்பழமா இருக்கே. சாப்பிட்டியா தம்பி?"

"எதுவும் இறங்கலக்கா."

"எந்திரி. என் வார்டுல ஒரு படுக்கை காலியா இருக்கு."

மருந்து ஆஸ்பத்திரியில், சாப்பாடு அக்காவிடம் என்று ஆனது. விரிப்பு நிழலில் கீரைப் பாத்தி ஓரமாகப் பாய் போட்டுப் படுத்திருப்பேன். கொடியிலிருந்து வெள்ளரிக்காயைக் கிள்ளி, வாளித் தண்ணீரில் முக்கி, நீளமாக நறுக்கி, உப்பு தொட்டு நீட்டுவார். கடித்தால் மேல்தோலில் வெயில் சூடு, உள்ளே குளிர்ச்சி. எத்தனையோ நாளாகக் கசந்து கிடந்த நாக்குக்கு அன்றுதான் ருசி திரும்பியது. பிறகு தக்காளி, பிஞ்சு வெண்டை, அவித்த அவரை என்று உடம்பு தேறியது. பெரிய ஓட்டல்களில் எல்லாம் சாப்பிட்டிருக்கிறேன், வேண்டுமானால் ஓட்டலையே வாங்கவும் என்னால் முடியும். அந்த ருசி எங்கும் கிடைக்கவில்லை.

கடை தொடங்கியதும் முதல் வேலையாகப் பணத்தோடு போய் நின்றேன். அக்கா கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இருக்கட்டும்."

"சும்மா தின்னா எனக்குச் செரிக்காதுக்கா."

"இத்தன நாள் செரிச்சுதே. இருக்கட்டும் போ."

ஒவ்வொரு கோடையும் இதே கூத்து. நான் நீட்டுவேன், அவர் இருக்கட்டும் என்பார், கையில் காசுக்குப் பதில் வெள்ளரிக்காயோடு திரும்புவேன். ஒரு கடை இரண்டாகி மூன்றானபோதும் அக்காவுக்கு நான் பஞ்சர் தம்பிதான். "மூணு கடை முதலாளி ஒரு வெள்ளரிக்காய்க்கு வாசல்ல நிக்கறாரு" என்று என் மனைவி கேலி செய்வாள். நிற்பேன்தான். சாயங்காலம் அந்தப் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து உப்பு தொட்டுத் தின்னாமல் எனக்குக் கோடை கழிந்ததில்லை.

போன கோடையில் அக்காவின் மகன் கடைக்கு வந்தான். வங்கியில் வேலை, ஆறாவது மாடியில் வீடு.

"மாமா, அம்மாவுக்கு முட்டி வலி. எங்ககூடவே கூட்டிட்டுப் போறோம். வீட்டை விக்கணும். உங்களைக் கேக்காம வெளிய சொல்லக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க."

அந்த நிமிஷமே நான் முடிவு செய்துவிட்டேன். வாங்குவது, வாங்கி அக்காவையே அதில் இருக்க வைப்பது, துணைக்கு ஒரு ஆள் போட்டுவிடுவது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. பொருள் வேண்டும் என்று முகத்தில் காட்டினால் விலை ஏறும். இந்த ஒரு வித்தையை வைத்துத்தான் நான் மூன்று கடை கட்டினேன். முதலில் சொன்ன விலையை ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

மகனோடு வீட்டைப் பார்க்கப் போனேன். சுவரைத் தட்டினேன், ஈரம் என்றேன். கூரையைப் பார்த்தேன், உச்சுக் கொட்டினேன். கொல்லைப்பக்கம் வந்து, பாட்டில்களையும் விரிப்புகளையும் காட்டி, "இந்தக் குப்பையை அள்ளிக் கொட்டவே ஒரு லாரி வேணும் போலிருக்கே. அதுக்கும் சேர்த்துக் கொறைச்சுக்க" என்றேன்.

அவரைப் பந்தலுக்கு அந்தப் பக்கம் அக்கா காய் பறித்துக்கொண்டிருந்தார். கை ஒரு நொடி நின்றது. மறுபடி பறிக்க ஆரம்பித்தார்.

மகன் வாசல் பக்கம் நடந்துவிட்டான். இரண்டு நாள் விட்டுப்பிடித்தால் தானாக இறங்கி வருவான் என்று நான் இருந்தேன். அதற்குள் வேறொருவர் அவன் கேட்ட விலைக்கே முன்பணம் கொடுத்துவிட்டார். தோட்டத்தில் சிமென்ட் போட்டுக் கார் நிறுத்தப் போகிறாராம். நான் ஓடிப்போய் இரண்டு மடங்கு தருகிறேன் என்றேன். "வாக்குக் குடுத்தாச்சு மாமா" என்றான், முகம் பார்க்காமல்.

சாமான் ஏற்றும் வண்டி வந்த அன்று போனேன். அக்கா பாட்டில்களைக் கழற்றி ஒரு கூடையில் அடுக்கியிருந்தார். தண்ணீர் நின்று கொடிகள் துவண்டிருந்தன. எட்டாம் படுக்கையில் மட்டும் ஒரு பாட்டில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"பேரத்துக்குச் சொன்னதுக்கா. வாங்கி உங்களையே இங்க வச்சிரலாம்னுதான்..."

"தெரியும் தம்பி. நல்ல டயரைப் பாத்தாத்தான் நீ மூக்கைச் சுளிப்பே. எத்தன தடவ பாத்திருக்கேன்." கையைத் துடைத்துக்கொண்டார். "என் பையனுக்குத்தான் தெரியல. எங்கம்மா தோட்டத்தைக் குப்பைன்னவருக்கு என்ன விலைக்கும் தர மாட்டேன்னுட்டான்."

கூடையில் சரிந்திருந்த ஒரு பாட்டிலை எடுத்து நிமிர்த்தி வைத்தேன். எங்கே போனாலும் பேசியே ஜெயிக்கிறவன் நான்.

"சரி, என் பாக்கியக் குடு."

"என்ன பாக்கி?"

"காய் தின்ன காசு. இருக்கட்டும்னு சொன்னேனே தவிர, வேணாம்னு எப்பவாவது சொன்னேனா? பாக்கி இருந்தா ஆள் வரும்னு விட்டு வச்சேன்."

"அங்கயும் வருவேன்க்கா."

"ஆறு மாடி ஏறி என்னத்தப் பாக்கப் போற? ஒத்தத் தொட்டிக்குத்தான் எடம் இருக்காம். கணக்க முடிச்சுரு."

அந்தக் காலத்து விலையில் ஒரு தொகை சொன்னார். இன்றைக்கு அதற்கு ஒரு சைக்கிள் டியூப் கூட வராது. நான் பையிலிருந்த நோட்டுக்கட்டை அப்படியே எடுத்து நீட்டினேன்.

"இவ்வளவு வச்சுக்கங்கக்கா."

"பேரம் பேசாதே."

என்னிடம் எல்லாம் பெரிய நோட்டு. கடைக்குப் போய்ச் சில்லறை மாற்றிக்கொண்டு வந்தேன். வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அக்கா அதைக் காதில் வாங்காமல், சோப்பும் கொதிநீரும் வெளுத்த வலது கையை முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்து விரித்தார். அதில் ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி வைத்தேன்.