சிவப்பாக விட்ட வெடிப்பு

இலங்கை மலையகத்தில், றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடொன்றில், பிறந்தவர் கணேசமூர்த்தி. ஹட்டனில் அவர் வேலை பார்த்த ஸ்டூடியோவுக்கு 2004இல் கணினி வந்தது. சடங்குப் படங்களில் சுற்றி நிற்கும் உறவினரைக் கறுப்பு வெள்ளையாக்கி, பெண்ணின் சேலையை மட்டும் சிவப்பாக விடுவார். அதற்காகவே கொட்டகலையிலிருந்தும் ஆட்கள் தேடி வந்தார்கள்.

2006 அக்டோபரில் சண்முகவடிவு வந்தாள். அவர் பிறந்த அதே லயத்தில் இருப்பவள், கொழுந்து பறிப்பவள். லயத்துக்குப் பின்னால் மலைச்சரிவில் நிலம் நீளமாக வெடிப்பு விட்டிருந்தது.

"மலைக்குப் பூசை போட்டாச்சா வடிவு?" என்றார் கிண்டலாக.

"போட்டாச்சுண்ணே. சாமி கேட்டுக்கிச்சு, மலதான் கேக்கல. ஒரு படம் எடுத்துக் குடுங்க. தொர நேர்ல வந்து பாக்க மாட்டேங்கிறாரு. படத்தப் பாத்தாலாவது எங்கள வேற எடத்துக்கு மாத்துவாரு."

அன்றே போய் எடுத்தார். தேயிலைப் பச்சைக்கு நடுவில் வெடிப்பு எடுபடவில்லை என்று தோன்றியது. பழகிய கை. எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாக்கி, வெடிப்பில் தெரிந்த செம்மண்ணை மட்டும் சிவப்பாக விட்டார். மூலப்படத்தின் மேலேயே சேமித்தார். மறுநாள் கல்யாண வேலைக்காகக் கேமராவின் மெமரி கார்டையும் அழித்தார்.

அவர் கொண்டுபோய்க் காட்டிய படத்தைப் பார்த்து, தோட்ட நிர்வாகியான துரை சிரித்தார். "கம்ப்யூட்டர்ல சிவப்புக் கோடு போட்டா மல ஒடையுமா?"

"கோடு போடலைங்க ஐயா. மத்த எடத்துலதான் கலர எடுத்தேன்."

"அப்ப முந்தின படத்தக் காட்டு."

காட்ட எதுவும் இல்லை. பன்னிரண்டு குடும்பங்களின் உயிரைப் பற்றிய விசாரணை அத்துடன் முடிந்தது. படித்த மனிதர் ஒருவர் அரை மைல் நடந்திருந்தால் படமே தேவைப்பட்டிருக்காது.

மூன்று நாள் மழைக்குப் பிறகு கணேசமூர்த்தி மறுபடி எடுக்கப் போனார். துரையின் உத்தரவில் வெடிப்பை மண் போட்டு மூடி, மேலே புல் பதித்திருந்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

"எங்க கதவப் பாருங்கண்ணே," என்றாள் சண்முகவடிவு. "காலையிலருந்து சாத்த முடியல."

அவர் தள்ளிப் பார்த்தார். நிலை சாய்ந்திருந்தது. இரண்டு விரல் இடைவெளி இருக்கும்போதே கதவு இறுகி நின்றுவிட்டது.

"சாமான எடு. எல்லாரையும் கூப்பிடு."

"பன்னெண்டு வீடுண்ணே. எங்க போறது? பள்ளிக்கூடத்தத் தொறக்கவும் தொர கடுதாசி வேணுமாம்."

"பூட்ட நான் ஒடைக்கிறேன்," என்று சொல்லி, கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு அரிசி மூட்டையைத் தூக்கினார். மலைப்பக்கச் சுவரிலிருந்து மண் உதிர ஆரம்பித்திருந்தது.