தட்டை எடு என்றதும் எழுந்த கொட்டகை

பிள்ளைகளா, போன தீபாவளிக்குப் பெரிய காரில் வந்து உங்களுக்குச் சாக்லேட் கொடுத்தாரே, இரண்டு கொட்டகைக்கும் ஒரு ராட்டினத் திடலுக்கும் சொந்தக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடும் அவர் ஒரு காலத்தில் சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட் ஓரத்தில் வித்தை காட்டியவர். மேளம் அடித்தது நான். வாயால் சொன்னால் சிரிப்பீர்கள், அதனால் எழுதி வைக்கிறேன்.

அண்ணனுடைய பெரிய வித்தை சாக்கு. கைகாலைக் கட்டி, அரிசிச் சாக்கில் போட்டு, சாக்கின் வாயையும் கட்டிவிடுவேன். உள்ளேயிருந்து, "தம்பி, தட்டை எடு!" என்று கத்துவார். மேளத்தை வைத்துவிட்டு நான் காசுத் தட்டோடு திரும்பினால் பாதிக் கூட்டம் இருக்காது.

பொறுத்துப் பார்த்தார். கடைசியில் அண்ணியின் சங்கிலியை அடகு வைத்து, சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு நாளைக்குக் கொட்டகை பிடித்தார்.

"டிக்கெட்டை முன்னாடியே வித்துட்டா எவன் ஓடுவான்? ஜனங்க கடைசி வரைக்கும் உக்காந்துட்டா பொழைச்சோம். இல்லேன்னா மறுபடி மார்க்கெட்டுதான்டா."

கொட்டகை நிறைந்தது. அண்ணனைக் கட்டிச் சாக்கில் போட்டு மேளத்தை முழக்கினேன். பழகின வாய் சும்மா இருக்குமா? "தம்பி, தட்டை எடு!"

அவ்வளவுதான். முன்வரிசை எழுந்தது. பின்வரிசை அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தது. அண்ணன் சாக்கிலிருந்து வெளியே வந்து கும்பிட்டபோது எதிரே வெறும் நாற்காலிகள்.

தெருவுக்கு ஓடினோம். "டிக்கெட் வாங்கிட்டுத்தானே வந்தீங்க! எதுக்கு ஓடுறீங்க?" என்று அழாத குறையாகக் கேட்டார்.

"தெரியலண்ணே, காலு தானா வந்துருச்சு" என்றார் துறைமுகத்தில் கப்பல் கயிறு கட்டும் ஒருவர். "ஆனா நீங்க வெளிய வந்தத நாங்க பாக்கலையே! மறுபடி காட்டுங்க லா. இந்தத் தடவை நான் கட்டுறேன்."

எல்லாரும் உள்ளே திரும்பினார்கள். நான் போடும் முடிச்சில், இழுத்தால் அவிழும் முனை ஒன்று இருக்கும். அவர் முடிச்சில் முனையே தெரியவில்லை. சாக்கு மேடையில் இந்தப் பக்கம் உருண்டது, அந்தப் பக்கம் முட்டியது.

"தம்பி, கத்தியை எடு!" என்று அண்ணன் நிஜமாகவே அலறினார். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கத்தி தேட எழுந்த என்னை, "நீ எங்க போறே? மேளத்த அடி லா!" என்று முன்வரிசை அதட்டி உட்கார வைத்தது.

ஒருவழியாக அண்ணன் வெளியே வந்தார். வேட்டி வரவில்லை. உள்ளே கால்சட்டை இருந்தது, பயப்படாதீர்கள். ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. கைதட்டல் ஓயவுமில்லை.

ஒரு கையால் சாக்கை இடுப்பில் பிடித்து, மறுகையால் சலாம் போட்டபடியே என் பக்கம் சாய்ந்தார்.

"கொட்டகைய நாளைக்கும் சொல்லிவை தம்பி. அந்தக் கயித்துக்காரர விட்டுடாதே."