தூங்கிய பெட்டியும் மரவள்ளிக் காட்டுக் குரலும்

போன ஐப்பசியில் ஒரு மத்தியானம், கரியாலூருக்கு மேலே ஓர் ஓடைக்கரையில் நடந்தது இது. ஓடையில் தண்ணீர் திடீரென ஏறினால், கீழே அருவியில் குளிப்பவர்களுக்குச் சைரன் அடிக்க வேண்டும். அதற்கான ரேடியோ பெட்டிகளை வடிவமைத்தவன் நான். மேலே அனுப்பும் பெட்டியோடு நான், கீழே கேட்கும் பெட்டியோடு என் சக பொறியாளர். பேட்டரி மாதக்கணக்கில் நிற்கட்டுமென்று, கேட்கும் பெட்டியைச் சில விநாடிகள் தூங்கவிட்டு, கண் சிமிட்டும் நேரம் மட்டும் விழிக்கச் செய்திருந்தேன். அந்தச் சிக்கனத்தைப் பற்றி மலையேறும்வரை பெருமையடித்தும் தீர்த்திருந்தேன்.

சும்மா சோதித்துப் பார்க்கத்தான் போனோம். மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டியிருக்கிறது. பார்க்கப் பார்க்கத் தண்ணீர் செம்மண் நிறமாகி, முழங்கால் உயரம் ஏறியது. பெட்டி தானாகவே சேதி அனுப்பியது. கீழே சத்தமில்லை. பொத்தானை அழுத்தினேன். ஊஹூம். போனில் சிக்னலும் இல்லை. அருவியடியில் குழந்தை குட்டிகளோடு ஒரு வேன் கூட்டமே குளித்துக்கொண்டிருந்ததை வரும்போது பார்த்திருந்தேன். அதற்குப் பிறகு நான் செய்தவை எந்தப் பொறியியல் கல்லூரியிலும் சொல்லித்தராதவை. பெட்டியைக் குலுக்கினேன், தட்டினேன், சார் என்று கூப்பிட்டுக் கெஞ்சினேன். கீழே ஓடலாமென்று கிளம்பி, பதற்றத்தில் மேல்நோக்கிப் பத்தடி ஓடினேன்.

பக்கத்து மரவள்ளிக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த பெண் ஒருவர் நிமிர்ந்து, "இன்னாங்க சார் ஆச்சு?" என்றார். உளறினேன். ஓடையை எட்டிப் பார்த்தவர், கையை வாயருகே குவித்து 'ஊ...' என்று நீளமாகக் கூவினார். நின்றார். மறுபடி கூவினார். சீக்கிரம் விஷயத்தைச் சொல்லுங்கம்மா என்று நான் பக்கத்தில் குதித்தேன். அவர் திரும்பியும் பார்க்கவில்லை. சரிவில் எங்கிருந்தோ பதிலுக்கு ஓர் 'ஊ' வந்த பிறகுதான், "தண்ணி வருது, அருவில கீறவங்கள மேல ஏத்து" என்றார். அந்தச் சேதி காட்டுக்குக் காடு தாவிக் கீழே போனது. கொஞ்ச நேரத்தில் அதே வழியாகப் பதில் ஏறி வந்தது, எல்லாரும் கரையேறிவிட்டார்களாம். நான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பெட்டிக்கு என்ன கேடு என்று கேட்டார். கேட்கிற பெட்டி நடுநடுவே தூங்கும் என்று விளக்கினேன்.

"தூங்கிக்கினு இருக்கறவங்ககிட்ட சேதிய சொன்னா எப்டி சார் கேக்கும்? முழிக்கிற வரைக்கும் கூப்புட வாணாமா?"

வேண்டும்தான். தூங்கும் நேரத்தைவிடக் கூப்பிடும் நேரம் நீளமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. அனுப்பும் பெட்டியிலும் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று, முந்தின நாள்தான், சேதிக்கு முன்னால் போகும் அந்த அழைப்பை வெட்டிச் சுருக்கியவன் சாட்சாத் நானே. மேசைமேல் சோதித்தபோது ஒருமுறையும் தவறவில்லை. அங்கே கேட்கும் பெட்டியைக் கரண்டில் போட்டு, தூங்கவே விடாமல் வைத்திருந்தேன்.

இப்போது என் பெட்டிகள் நீளமாகவே கூவுகின்றன, பேட்டரியும் சீக்கிரம் தீர்கிறது. அந்த நேரத்தைக் கொஞ்சம் குறைக்கலாமே என்று கை போகும்போதெல்லாம், நான் குதித்துக்கொண்டிருக்க, பதில் வரும்வரை சேதியைச் சொல்லாமல் நின்ற அந்தப் பெண்ணின் முதுகு கண்முன் வந்து நிற்கிறது.