செகோவியாவுக்குக் கொண்டுபோன நன்றி

போன சனிக்கிழமை மொன்றியல் பார்க் எக்ஸ்டென்ஷனில் மரக்கறி வாங்கப் போயிருந்தேன். முருங்கைக்காய்க் கட்டைத் தராசில் வைத்தபடியே கடைக்காரர் கேட்டார்.

"என்ன அண்ணை, ரெண்டு கிழமையா பேப்பரிலை உங்கடை பக்கத்தைக் காணேல்லை? சுகமில்லையோ?"

"ஸ்பெயினுக்குப் போனனான்."

"ஸ்பெயினுக்கோ? அங்கை ஆர் இருக்கினம்?"

கவனித்தீர்களா? அங்கே என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. யார் இருக்கிறார்கள் என்றுதான் கேட்டார். லண்டன் போனால் மச்சான் வீடு, பாரிஸ் போனால் சித்தப்பா மகளின் கல்யாணம்... சொந்தக்காரர் இல்லாத ஊருக்கு நாம் ஏன் போகப்போகிறோம்?

"எனக்கு ஒரு சிநேகிதி இருக்கிறா" என்றேன்.

அவர் தராசை மறந்துவிட்டு, பக்கத்தில் நின்ற என் மனைவி யோகத்தைப் பார்த்தார்.

"நானும் கூடப் போனனான் தம்பி. நீங்கள் முருங்கைக்காயை நிறுங்கோ" என்றாள் யோகம்.

அவருக்கு அந்தச் சிநேகிதியைப் பற்றி நின்று சொல்ல நேரமில்லை. பின்னால் வரிசை நின்றது. ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன்.

அவர் பெயர் பிலார். ஸ்பெயினில் செகோவியா என்ற பழைய நகரத்துக்காரி. நான் இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய முதல் வருடம், கோட்-டெ-நெய்ஜ் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை கிடைத்தது. அங்கே பிலார் எனக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். குட்டை உருவம், பெரிய குரல்.

வேலை இதுதான். நோயாளிகளின் சாப்பாட்டுத் தட்டுகள் பெல்ட்டில் நகர்ந்து வரும். ஒவ்வொரு தட்டிலும் ஓர் அட்டை. இவருக்கு உப்புக் கூடாது, அவருக்குச் சீனி கூடாது என்று பிரெஞ்சில் எழுதியிருக்கும். அதை வாசித்து, நமக்குரிய பண்டத்தைத் தட்டில் வைக்க வேண்டும். வாசிக்கத் தெரிந்தவனுக்கு இலேசான வேலை. எனக்கோ பிரெஞ்சில் 'போன்ஜூர்', 'மெர்சி' இரண்டும்தான் தெரியும். பிலார்தான் ஒரு நாளைக்கு ஒரு சொல் என்று அட்டையைக் காட்டிக் காட்டிப் பழக்கினார். அவருடைய பிரெஞ்சும் ஓட்டைதான். அந்த ஓட்டைப் பிரெஞ்சின் வழியாகத்தான் நாங்கள் சிநேகிதமானோம்.

மூன்றாவது மாதம் அது நடந்தது. மீன் ஒத்துக்கொள்ளாத ஒரு நோயாளிக்கு மீன் சூப் போய்விட்டது. நல்ல காலம், அவர் வாயில் வைப்பதற்கு முன் ஒரு நர்ஸ் கண்டுவிட்டார். சூப்பர்வைசர் குசினிக்குள் வந்து பெல்ட்டை நிறுத்தினார்.

"சூப் வைத்தது யார்?"

அன்று சூப் பக்கம் நின்றது நானும் பிலாரும். 'சான் புவாசோன்', அதாவது மீன் கூடாது — அந்தச் சொற்கள் எனக்கு அன்றைக்கு வரை வந்து சேரவில்லை. தகுதிகாண் காலம் முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. அகதி வழக்கு விசாரணையில் இருந்தது. யோகம் திருகோணமலையில் காத்திருந்தாள். இந்த வேலை போனால்? அகப்பை இன்னும் என் கையில் இருந்தது.

பிலார் கையைத் தூக்கினார். "ஸே முவா." நான்தான்.

அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அந்த மாதம் அவருக்கு வரவேண்டியிருந்த பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. நான் வேலையில் நிரந்தரமானேன். வழக்கு வென்றது. யோகம் வந்து சேர்ந்தாள். ரொக்ஸ்பரோவில் வீடு வாங்கினோம்.

நான் அவருக்கு நன்றி சொல்லவே இல்லை.

ஏன் என்று கேட்பீர்கள். முதலில் அதைச் சொல்ல எனக்கு மொழி இல்லை. மொழி வந்தபோது... அடுத்த வாரம் சொல்லலாம், பிறந்தநாளுக்குச் சொல்லலாம் என்று இழுத்தேன். பத்து வருடம் அவர் பக்கத்திலேயே நின்றேன். ஒரு கட்டத்துக்குப் பிறகு, இவ்வளவு காலம் சொல்லாமல் இருந்ததே வெட்கமாகிவிட்டது. உங்களுக்கும் அப்படி ஒருவர் இருப்பார். இல்லையா?

பிலார் ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குப் போனார். ஒவ்வொரு நத்தாருக்கும் பிரெஞ்சில் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வரும். இரண்டு வருடத்துக்கு முன் அது நின்றது. இந்தத் தை மாதம் வேறு கையெழுத்தில், ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பிலாரின் தங்கை மகள் லூசியா. பெரியம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது, இப்போது தேறிவிட்டார், தடியூன்றி நடக்கிறார், உங்கள் படத்தை எல்லோருக்கும் காட்டுகிறார் என்று எழுதியிருந்தார்.

கடிதத்தை வாசித்துக் காட்டியதும் யோகம் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, இனியும் நத்தார், பிறந்தநாள் எண்டு பாத்துக்கொண்டிருக்கப் போறீங்களோ?"

மே மாதத்துக்கு டிக்கெட் போட்டோம். நான் ஒரு பேச்சு எழுதினேன். பிரெஞ்சில், இரண்டு பக்கம். இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகள் பிழை திருத்தினாள். "அப்பா, வரி ஒஃபீஸ் கடிதம் மாதிரிக் கிடக்கு" என்றாள். கிடக்கட்டும். பிழையில்லாமல் இருந்தால் போதும். விமானத்தில் அத்திலாந்திக் முழுவதும் அதைப் பாடமாக்கிக்கொண்டு போனேன்.

மட்ரிட்டிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். செகோவியாவில் இறங்கி ஒரு தெருமுனையைத் திரும்பியதும் கால் தானாக நின்றுவிட்டது.

கல்லால் கட்டிய தண்ணீர்ப் பாலம். ரோமர்கள் கட்டியது. மலைத் தண்ணீரை நகரத்துக்குக் கொண்டுவர, வளைவுக்கு மேல் வளைவாக இரண்டு அடுக்கில், ஒன்பது மாடிக் கட்டடத்தின் உயரத்துக்கு ஊருக்கு நடுவே நிற்கிறது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சீமெந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை. ஒன்றின் பாரத்தில் மற்றது நிற்கிறது, சுமார் இரண்டாயிரம் வருடங்களாக. மொன்றியலில் எந்தப் பாலத்துக்குப் போனாலும் செம்மஞ்சள் கூம்புகளை அடுக்கி வைத்துக்கொண்டு வருடம் முழுக்கத் திருத்துகிறார்களே... அவர்களில் நாலு பேரையாவது இங்கே அனுப்பிவைக்க வேண்டும்.

அந்த வளைவுகளுக்குக் கீழே தடியூன்றிக்கொண்டு பிலார் நின்றார். பக்கத்தில் லூசியா.

பிலார் என்னைக் கட்டிப்பிடித்தார். யோகத்தின் இரு கன்னத்திலும் முத்தம் வைத்தார். நான் பிரெஞ்சில் தொடங்கினேன். எப்படி இருக்கிறீர்கள், பயணம் நன்றாக இருந்தது, உங்களைக் கண்டது சந்தோஷம்...

பிலார் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு ஸ்பானிய மொழியில் மெதுவாக ஏதோ சொன்னார்.

லூசியா என் முழங்கையைத் தொட்டார். "மன்னிக்க வேண்டும், கடிதத்தில் எழுதியிருக்க வேண்டும். அந்த நோயோடு பெரியம்மாவின் பிரெஞ்சு போய்விட்டது. ஸ்பானிய மொழி மட்டும் திரும்பி வந்தது. ஞாபகம் எல்லாம் இருக்கிறது. அந்த மொழி மட்டும் இல்லை."

சட்டைப் பையில் இரண்டு பக்கமும் மடித்தபடி இருந்தன. எனக்கு மொழி இல்லாத காலத்தில் அவருக்கு இருந்தது. எனக்கு வந்து சேர்ந்தபோது அவரிடம் இல்லை. என்ன செய்வது? வாயை மூடிக்கொண்டு ஊர் பார்த்தேன்.

பிலார் விடவில்லை. அந்தத் தடியோடு ஊர் முழுவதும் காட்டினார். தேன் நிறக் கல்லில் எழுந்து நிற்கும் பெரிய தேவாலயம். மலை முனையில், கப்பலின் மூக்கைப் போலக் கூராக நீண்டு நிற்கும் அரசர்களின் கோட்டை. பத்து அடிக்கு ஒருதரம் மூச்சு வாங்க நிற்பார். நிற்கிற இடத்தில் ஒரு கதை சொல்வார். லூசியா ஆங்கிலத்தில் சொல்வார், நான் யோகத்துக்குத் தமிழில் சொல்வேன். கதை வந்து சேர்வதற்குள் பிலார் அடுத்த மூலையில் நிற்பார்.

தண்ணீர்ப் பாலத்துக்கும் ஒரு கதை உண்டு. செங்குத்தான தெருவில் தினமும் தண்ணீர் சுமந்து அலுத்துப்போன ஒரு வேலைக்காரப் பெண், விடியுமுன் தண்ணீரை வாசலுக்குக் கொண்டுவந்தால் என் ஆத்மாவை எடுத்துக்கொள் என்று பிசாசோடு ஒப்பந்தம் போட்டாளாம். பிசாசு கட்டியது. கடைசிக் கல் ஒன்று வைப்பதற்குள் சூரியன் உதித்துவிட்டது. பெண் தப்பினாள்.

"தண்ணி தூக்கினவளுக்குத்தானே தெரியும்" என்றாள் யோகம். இதை மொழிபெயர்த்ததும் பிலார் விழுந்து விழுந்து சிரித்தார்.

மத்தியானம் அவர் வீட்டில் சாப்பாடு. அந்த ஊர் பன்றிக்குட்டி வறுவலுக்குப் பேர்போனது. ஆனால் மேசையில் இறைச்சி எதுவும் இல்லை. பெரிய பெரிய வெள்ளை அவரை விதைகள் போட்ட குழம்பு, கோதுமைப் பாண், முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்த தடித்த ஒம்லெட். லூசியா விளக்கினார். "இன்றைக்கு வெள்ளிக்கிழமை. நீங்கள் வெள்ளியில் இறைச்சி, மீன் தொடமாட்டீர்கள் என்று பெரியம்மா காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்." வெள்ளியில் முட்டையும் கூடாது என்று நான் வாய் திறக்கவில்லை. யோகமும் திறக்கவில்லை. சாப்பிட்டோம்.

குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பிலார் என் பின்னால் வந்தார். வந்தவர், "அத்தான்சியோன், ஸே ஷோ" என்றார்.

கவனம், சூடு. குசினியில் ஒரு நாளைக்கு நூறு தரம் அவர் சொல்லும் பிரெஞ்சு. லூசியா திகைத்துப்போய்ப் பார்த்தார். பிலாருக்குத் தான் என்ன மொழியில் சொன்னோம் என்றே தெரியவில்லை. நான் தலையைக் குனிந்து பாணைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். யோகம் மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்தாள்.

"இஞ்சேருங்கோ, சொல்லுங்கோ. இப்ப சொல்லுங்கோ."

"அவவுக்கு விளங்காதே."

"அந்தப் பிள்ளை இருக்கிறாள்தானே. கதையுங்கோ."

பேச்சைப் பையிலேயே விட்டுவிட்டு, ஆங்கிலத்தில் லூசியாவிடம் சொன்னேன். சூப், பெல்ட், சூப்பர்வைசர், தூக்கிய கை, கடிதம், போன பதவி. அந்த ஒரு கை உயர்ந்திராவிட்டால் யோகம் இந்த மேசையில் இருந்திருக்க மாட்டாள், என் மகள் பிறந்திருக்க மாட்டாள். இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் பிடித்தது, மன்னித்துக்கொள்ளுங்கள்... லூசியா துண்டு துண்டாக ஸ்பானிய மொழியில் சொன்னார்.

பிலார் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டார். முடிந்ததும் சிரித்தார். பிறகு நீளமாக ஏதோ சொன்னார். லூசியா என்னைப் பார்க்கத் தயங்கினார்.

"என்ன சொல்கிறார்?"

"அந்தச் சூப்பை வைத்தது தான்தான் என்கிறார். அன்றைக்கு நீங்கள் பாண் வைத்தீர்களாம். பிழை அவருடையது. அதனால்தான் கை தூக்கினாராம்."

அன்றைக்கு அகப்பை என் கையில் இருந்தது. அதன் சூடுகூட நினைவிருக்கிறது. அல்லது... இருபது வருடமாக நினைத்து நினைத்து நானே வரவழைத்த சூடா அது?

பிலார் நிறுத்தவில்லை. லூசியா தொடர்ந்தார்.

"நன்றி சொல்லவேண்டியது தான்தான் என்கிறார். எச்சரிக்கைக் கடிதம் வந்த பிறகு, இவளோடு நின்றால் தங்களுக்கும் பிரச்சினை என்று குசினியில் ஒருவரும் பேசவில்லையாம். ஒரு மாதம் தனியாகச் சாப்பிட்டாராம். நீங்கள் மட்டும் பக்கத்தில் வந்திருந்து உங்கள் சோற்றில் பாதியைத் தந்தீர்களாம். உறைப்பில் கண்ணீர் வந்ததாம். மற்றவர்கள் அவர் அழுகிறார் என்று நினைத்தார்களாம். அழுததும் உண்மைதானாம்."

அந்தச் சோறு எனக்கு நினைவிலேயே இல்லை. கொடுத்திருந்தாலும் குற்ற உணர்ச்சியில்தான் கொடுத்திருப்பேன். அதையும் சொன்னேன். லூசியா மொழிபெயர்த்தார். பிலார் கையை வீசினார். என்னத்துக்காகக் கொடுத்தால் என்ன, பசி போனதுதானே என்றாராம்.

மாலை பஸ்ஸில் யோகத்திடம் கேட்டேன். "நீர் என்ன நினைக்கிறீர்? அவ சொன்னது உண்மையோ, இல்லை என்ரை மனம் நோகக் கூடாதெண்டு சொன்னதோ?"

"தெரிஞ்சு என்ன செய்யப்போறீங்கள்?" யன்னலுக்கு வெளியே பார்த்தபடியே யோகம் சொன்னாள். "பிழைக்கு ஆள் தேடேக்கை உலகத்திலை எல்லாரும் கையைப் பின்னாலை கட்டுவினம். நீங்கள் ரெண்டு பேரும் போட்டி போட்டுத் தூக்குறியள். ஒரு சூப்புக்கு."

யோசித்துப் பார்த்தேன். நன்றி சொல்வதைக் கணக்குத் தீர்ப்பது என்று இவ்வளவு காலம் நினைத்திருந்தேன். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று. இறங்கவில்லை, கூடியிருக்கிறது. சூப்பை வைத்தது யார் என்று எனக்குத் தெரியாது, போகட்டும். அந்தப் பத்து வருடப் பிரெஞ்சுச் சொற்கள்? அவை சந்தேகமில்லாமல் அவர் தந்தவை. இப்போது அவரிடம் இல்லை, என்னிடம் இருக்கின்றன.

சொல்லவேண்டியவருக்கு நேரத்தோடு சொல்லிவிடுங்கள். விமானச் செலவாவது மிஞ்சும்.

நானும் தொடங்கிவிட்டேன். எங்கள் முன்வீட்டுக்கார மிஷேல், ஏழு பனிக்காலமாகத் தன் வாசலோடு எங்கள் வாசல் பனியையும் சேர்த்தே தள்ளிவிடுகிற மனிதர். ஊர் திரும்பிய வாரம், யோகம் சுட்ட வடையோடு போய்க் கதவைத் தட்டிச் சொன்னேன். கைகுலுக்கிவிட்டு அந்த மனிதர் வானத்தை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார்.

ஜூன் மாத வெயிலில் நின்று பனிக்கு நன்றி சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.